அச்சடித்த கையும் அம்சாக்காவின் கையும்

என் குறிப்பேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே இப்படி இருக்கிறது: ‘காலை 10.20. மருத்துவர் பயிற்சி தொடக்கம். பழவேற்காடு அரசு மருத்துவமனை.’

விரலுக்குள் ஒடிந்த கெளுத்தி மீன் முள்ளை எப்படி எடுப்பது என்று இளம் மருத்துவர்களுக்குச் செய்து காட்டும் பயிற்சி அது. ஸ்கேனை வைத்து முப்பரிமாண இயந்திரத்தில் அச்சடித்த மாதிரிக் கை ஒன்று மேசைமேல் இருந்தது. எலும்பு, நரம்பு, ரப்பர் தோல் எல்லாம் அசல்போலவே இருந்தன. நிகழ்ச்சியை எழுதிவைக்க என்னை அழைத்திருந்தார்கள். மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது கோட்டைக்குப்பம் அம்சாக்கா வந்தார். ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். விரலில் முள் குத்தி நான்கு நாளாம். துணியை அவிழ்த்ததும் வந்த அழுகல் நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, “டிரெய்னிங் நடக்குதும்மா, வெளிய உக்காரு” என்றேன்.

அவர் மேசையை எட்டிப் பார்த்தார். “இன்னா சார், அந்தக் கைக்கு அஞ்சு டாக்டரு, எனுக்கு ஒர்த்தரும் இல்லியா?”

“அது பாடத்துக்கும்மா.”

“அப்போ என்னுதையும் அங்க வையி சார். இதுவும் கைதான்.”

நான் சிரித்துவிட்டு அவரை வெளியே அனுப்பினேன். 10.50 என்று குறித்தேன். அவர் காத்திருப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

டீ குடிக்க வெளியே வந்த மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்தபோது மணி 12.15. “யாரு இவங்கள இங்க உக்கார வெச்சது?” என்று கத்தினார். நான் குனிந்து 12.15 என்று குறித்தேன்.

மறுநாள் சென்னையில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது என்னை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.

அந்த எண்பத்தைந்து நிமிடம் முன்னதாகப் பார்த்திருந்தால் விரல் பிழைத்திருக்குமா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. அந்த மருத்துவரிடம் கேட்பதென்றால், உட்கார வைத்தது யார் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.