குளியலறைத் தரைக்கு ராஜையா சொன்ன சாட்சி

ஆசிட் என்ற சொல்லையும் ராஜையா என்ற பெயரையும் பாறசாலைக்குக் கிழக்கே உள்ள எல்லையோரக் கிராமங்களில் யாரும் பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒற்றசேகரமங்கலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பாலை உறைய வைப்பது அவர் வேலை. பாலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அதற்கு எத்தனை கரண்டி ஆசிட் வேண்டும் என்பதை வாளியின் மேல் மூக்கை நீட்டியே சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடச் சேவையில் அவர் ஊற்றிய ஒரு ரப்பர் ஷீட்டிலும் குமிழ் வந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் 1994ஆம் வருடம் ஒரு குளியலறையில் விழுந்துவிட்டார் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வழுக்கி விழுந்திருந்தால் எண்ணெய் போட்டுத் தடவிச் சரி செய்திருக்கலாம்.

குளியலறை அவருடைய தங்கை சரோஜத்தின் வீட்டில் இருந்தது. சரோஜத்தின் கணவன் யோசுவா மஸ்கட்டில் வேலை பார்த்துக் கட்டிய வீடு. படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை, வெள்ளை மொசைக் தரை. தரை போட்டவன் எலியா. ராஜையாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன், ஒரே சபைக்காரன். அவனைச் சிபாரிசு செய்ததும் ராஜையாதான்.

தரையைக் கையில் ஒப்படைக்கும்போது எலியா ஒரு எச்சரிக்கையும் விட்டிருந்தான். "சரோஜம், குழாக்கிணத்து வெள்ளத்துல இரும்பு உண்டு. செவப்புக் கறை பிடிக்கும். ஆசிட்டு மட்டும் தொட்டுராத. புளிஞ்சிக்காய் இடிச்சுப் பத்து மினிட்டு அப்பி வையி. பின்ன தேங்காத் தும்பு கொண்டு தேய்ச்சு வெள்ளம் விட்டுக் கழுவு. போரும்."

புளிஞ்சிக்காய் என்பது மரத்தின் தடியிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் புளிப்புக் காய். மீன்குழம்புக்கு நாலு போனால் மீதி கீழே விழுந்து அழுகும். கேட்டவருக்கெல்லாம் ஓசியில் கிடைக்கும் ஒரு காய் தன் ஆசிட்டுக்கு மேலானது என்று ஒரு கொத்தன் சொன்னதை ராஜையாவின் தொழில்மானம் ஏற்கவில்லை.

யோசுவா விடுமுறைக்கு வருகிற வாரம் கறை நன்றாகச் சிவந்திருந்தது. சரோஜம் அண்ணனிடம் வந்து நின்றாள்.

"அண்ணா, அவ்வொ வெள்ளியாழ்ச்ச வாறாவ. எனக்குத் தேய்ச்சுத் தேய்ச்சு முதுகு போச்சு. புளிஞ்சிக்காய் கூடையில வச்சிருக்கேன். ஒரு கை பிடிப்பியளா?"

"நீ சந்தைக்குப் போ பிள்ளே. வரும்போ கண்ணாடி மாதிரி கெடக்கும்."

புதன்கிழமை அவள் சந்தைக்குப் போன பிறகு, ராஜையா தோட்டத்து ஆசிட் நிறைத்த ஒரு சர்பத் குப்பியை மடியிலிருந்து எடுத்தார். தோட்டத்தில் தண்ணீர் கலக்காமல் ஒரு துளி ஆசிட் ஊற்றாத அந்த மனிதர், தங்கை வீடு என்ற பாசத்தால் அன்று கலப்படமே செய்யவில்லை. தரை சீறியது, நுரைத்தது. கறை ஒரு நிமிடத்தில் ஓடிவிட்டது. கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டு, இருபது வாளி தண்ணீர் விட்டு நாற்றத்தைக் கழுவினார். கூடையில் இருந்த புளிஞ்சிக்காயை வெளியே வாழைமரத்தடியில் கொட்டினார்.

திரும்பி வந்த சரோஜம் வாயைப் பிளந்தாள். "புளிஞ்சிக்காயா அண்ணா இது?"

"பின்னே?" என்றார் ராஜையா. அவருடைய முதல் பொய் மிகச் சிறியது, ஒரே சொல்.

தரை ஈரமாக இருக்கும்வரை அவருக்கு விசுவாசமாக இருந்தது. காய்ந்ததும் குணத்தைக் காட்டியது. வெள்ளியன்று வந்து உள்ளே கால் வைத்த யோசுவா அப்படியே நின்றான். பளபளப்பு போய், தரை முழுக்கப் பொடிப்பொடியாகக் குழி விழுந்து, ஆட்டின் நாக்கு மாதிரிச் சொரசொரவென்று இருந்தது.

எலியாவை வரவழைத்தார்கள். அவன் குனிந்து ஒரே தடவல் தடவினான். "ஆசிட்டு விழுந்திருக்கு."

சரோஜத்துக்குக் கோபம் வந்தது. "இந்த வீட்டுக்குள்ள ஆசிட்டு ஏறினதே இல்ல! அண்ணன் புளிஞ்சிக்காய் கொண்டாக்கும் தேய்ச்சது. உமக்க பேச்சக் கேட்டுத்தான்!"

யோசுவா நியாயமான மனிதன். ஊகத்தின் பேரில் யாரையும் குற்றம் சொல்ல மாட்டான், நிபுணரைக் கேட்பான். "மச்சான், ஆசிட்டுன்னா இந்த ஊருல நீங்கதான். இது ஆசிட்டா இல்லியான்னு நீங்க பறயுங்க."

தன் குற்றத்தைத் தானே ஆராயும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ராஜையா முழந்தாளிட்டார். முகர்ந்தார். தடவினார். விரலை நாக்கில் வைத்தும் பார்த்தார். அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. பிறகு எலியாவின் முகத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார்.

"ஆசிட்டு இல்ல. சிமெண்டுக் கூட்டுல உள்ள கொறவாக்கும்."

எலியா செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

கூட்டில் குறை வைக்கிற கொத்தன் என்ற பேச்சு அவனுக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது. சபையின் புதிய ஹாலுக்கு மொசைக் போடும் வேலை எலியாவுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். கமிட்டி கூடி, நெய்யாற்றின்கரையிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவந்தது. ஐம்பது வயதில் எலியா அதியன்னூரில் இன்னொரு கொத்தனுக்குக் கையாளாகச் சிமெண்டு குழைக்கப் போனான்.

இதன் பிறகு ராஜையாவின் உடல்நிலையில் ஒரு விசித்திரம் தென்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து. சகோதரனோடு குறை உள்ளவன் முதலில் போய் ஒப்புரவாகட்டும் என்று போதகர் சொல்லும் அந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், அவருக்கு வயிறு வலிக்கும். எழுந்து வெளியே மாமரத்தடிக்குப் போய்விடுவார். சரோஜம் ஓமவெள்ளம் காய்ச்சிக் கொடுத்தாள். வலிக்காத வயிற்றோடு அதையும் குடித்தார். தோட்டத்தில் கரண்டி கணக்கு தவறியது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ஷீட்டில் குமிழ் வந்தது.

இரண்டாம் மாதத்து முதல் ஞாயிறு, திருவிருந்து முடிந்து வந்த எலியா மரத்தடியில் நின்றான். "எலே, வயிறு இன்னும் செரியாவல்லியா?"

"இல்ல மக்கா."

"நல்லா நோக்கு. பழகினா நெசமாட்டே வலிச்சிரும்."

அந்த வாரம் யோசுவா திரும்பிப் போவதற்கு முன் வீட்டில் ஜெபக்கூட்டம். பாய் விரித்து இருபது பேர். பாட்டு முடிந்து, "சாட்சி சொல்ல ஆரும் உண்டா?" என்று போதகர் கேட்டார். ராஜையா எழுந்தார். வயிற்றுவலி நீங்கிய அதிசயத்தைக் கேட்க எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"எனக்கு ஆசிட்டு தெரியும்," என்றார். "அது ஆசிட்டுதான். நானாக்கும் விட்டது. வெள்ளம் சேக்காம."

இருபது பேரின் கண்களும் திறந்தன.

"அண்ணா! அந்தப் புளிஞ்சிக்காய்?" என்றாள் சரோஜம்.

"வாழைமூட்டுல தட்டினேன்."

யோசுவாவின் முகம் இருண்டது. "அன்னைக்கு நாக்குல வச்சுப் பாத்தியளே மச்சான்!"

ராஜையா அந்த விரலை மடக்கிக்கொண்டார். பின்வரிசையில் இருந்த எலியாதான் பேசினான். "எனக்கு அன்னைக்கே தெரியும். உனக்க விரல் நுனி வெளுத்துக் கெடந்துது."

"பின்ன ஏன் பறயல்ல?" என்றார் ராஜையா.

"நீயாட்டுப் பறஞ்சாத்தான் ஊரு நம்பும். எனக்கப் பேச்ச ஆரு நம்புவா? நீ கொஞ்சம் பிந்திப் போன, அவ்வளவுதான். ஹாலு வேலை தீந்து போச்சே."

கமிட்டிக்காரர்கள் இருவர் பாயின் பின்னலை ஆராயத் தொடங்கினார்கள். அடுத்த வேலை எலியாவுக்குத்தான் என்றார்கள். அடுத்த வேலை என்ன என்று அவர்களுக்கும் தெரியாது.

தரையை எலியா மறுபடி கல் வைத்து உரசிக் கொடுத்தான். முக்கால்வாசிதான் தேறியது. குழி விழுந்த இடங்களில் கறை முன்னைவிட விரைவாகப் பிடிக்கும், வாரம் தவறாமல் புளிஞ்சிக்காய் போட வேண்டும் என்றான். அந்த வேலையை ராஜையா ஏற்றுக்கொண்டார். இடிப்பது, அப்புவது, பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து காத்திருப்பது, தும்பால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பது, கழுவித் துணியால் ஒற்றுவது. சனிக்கிழமை போகிற கறை வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுகிறது.

சரோஜத்துக்கே மனம் கேட்காமல், "போரும் அண்ணா, வெளுத்தாச்சு," என்பாள்.

"அந்த மூலையில ஒண்ணு கெடக்கு பிள்ளே."

அக்கம்பக்கத்துப் பெண்கள் கறை போகும் வழியைக் கேட்டு வந்தால் அவர் சொல்லிக் கொடுப்பார். ஆனால் ஆசிட் ஊற்றிய கதையிலிருந்து ஆரம்பிக்காமல் அவருக்குச் சொல்ல வராது. பாதிப்பேர் புளிஞ்சிக்காய் வருவதற்குள் எழுந்து போய்விடுவார்கள்.

அந்தப் பக்கத்தில் வருடம் முழுக்கக் காய்க்கும் புளிஞ்சி மரம் ஒன்றுதான். அது எலியாவின் கிணற்றடியில் நிற்கிறது. ஆகவே சனிக்கிழமை காலையில் ராஜையா கூடையோடு அங்கே போயாக வேண்டும். எலியா பல் தேய்த்துக்கொண்டே ஒவ்வொரு வாரமும் அதே கேள்வியைக் கேட்பான்.

"மடியில குப்பி ஒண்ணும் இல்லியே?"

ராஜையா கூடையைக் கீழே வைத்து, மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் பறிக்கத் தொடங்குவார்.