வலிக்குச் செல்லாத அட்டை: சூளகிரியிலிருந்து ஒரு நாள்

2009 கடைசியில், ஒரு சனிக்கிழமை. ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை. ஓசூர் ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்க்கும் முனிரத்தினம் அண்ணனுக்கு ஊர் பேரிகை. அவர் மகள் பவித்ராவுக்கு ஒன்பது வயது, கால் எலும்பில் புற்றுநோய். இனிக் குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். வலியில் பிள்ளை தூங்குவதே இல்லை. புதிதாக வந்த அரசு காப்பீட்டு அட்டையில் வலிக்கு மருந்து கிடைக்குமா என்று கேட்க, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். நான் திருநெல்வேலிக்காரன், ஆங்கிலம் படிப்பேன் என்று துணைக்கு அழைத்தார்.

காலை ஏழரைக்குச் சூளகிரியில் பஸ் ஏறினோம். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆபரேஷன்னா இதுல உண்டுங்க. வலி மருந்துக்கு இல்ல."

"ஆபரேஷனே வேணாம்னுட்டாங்களே சார்" என்றார் அண்ணன்.

"அப்ப இல்லதாங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிள்ளையின் காலை வெட்டி எடுப்பதென்றால் பணம் கொடுப்பார்களாம். வலிக்காமல் வைத்திருக்க மாட்டார்களாம். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு என்று கவுன்டர்காரரே சொன்னார். தொண்ணூறு கிலோமீட்டர். அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம்.

கர்நாடகம் தொடங்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட் அண்ணனுக்கு எல்லையே இல்லை. மாமியார் வீடு மாலூர், நிலத்தில் விளையும் தக்காளியை விற்பது பெங்களூர், வீட்டில் பேசுவது தெலுங்கு. அட்டையும் அப்படித்தான் தாண்டும் என்று நம்பிப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் நீட்டினார். நர்ஸ் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இங்கே செல்லாது என்பது அண்ணன் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அதே நர்ஸ் டாக்டரைக் கூட்டிவந்து, பிள்ளையைப் பார்க்கவைத்து, மார்ஃபின் சிரப் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கான பாட்டிலையும் தந்தார். காசு வாங்கவில்லை. அப்புறம் என்ன செய்வது என்றேன். அது அவருக்கும் தெரியவில்லை.

இதே வழியில் போகிறவர்களுக்கு: அட்டையை நம்பாதீர்கள், மருந்து இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். திரும்பும்போது சூளகிரியில் நிற்கும் பஸ்தானா என்று கேட்டு ஏறுங்கள். இந்தப் பிள்ளைக்கு மருந்து தரவேண்டியது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். சத்தியமாகத் தெரியாது.

நாங்களும் கேட்டுத்தான் ஏறினோம். கண்டக்டர் "சூளகிரி" என்று குரல் கொடுத்ததும் எழுந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் மடியில் பவித்ரா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"குந்துப்பா. கிருஷ்ணகிரிக்கு டிக்கெட் எடு."

எடுத்தேன். சூளகிரிக்கு அப்பால் குருபரப்பள்ளி தாண்டியும் அவள் விழிக்கவில்லை.