மேரியக்கா எழுதிய மனு

செய்தி வந்தபோது மீனம்பாக்கத்தில், விமானச் சரக்குக் கூடத்துக்கு வெளியே, எங்கள் பட்டறைக்கு வரும் சிப் பெட்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். போனில் மேரியக்காவின் கணவர் லூர்து. "தாமு, மேரி நம்மள வுட்டுட்டுப் பூட்டாப்பா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. அவ்ளோதான்." பெட்டியை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். விட்டுவிட்டுப் போயிருந்தால் அக்கா திட்டியிருப்பார்.

திருவொற்றியூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய பட்டறை உங்களுக்குத் தெரியும். மீன்பிடிப் படகுகளின் பேட்டரி சார்ஜருக்கு சர்க்யூட் போர்டு செய்கிறோம். அதில் உட்காரும் சிப் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. அதையும் நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேதமில்லை. எப்படி என்பதில்தான் பதினோரு வருடச் சண்டை. இறக்குமதிக்கு வரி போட வேண்டும் என்பேன் நான். சிப் ஆலை வைப்பவருக்கு அரசு மானியம் கொடுக்கட்டும் என்பார் அக்கா.

ஒருமுறை சிறுதொழில் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "துறைமுக வாசலிலேயே வரி போட்டு, சிப் ஏற்றி வரும் கப்பல்களை நிறுத்த வேண்டும்" என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் பிறந்தவனுக்கு உலகத்துச் சரக்கெல்லாம் கப்பலில்தான் வரும். அந்நாளில் சரக்கு எடுக்கப் போய்வந்தவர் அக்கா. முன்வரிசையிலிருந்து, "இன்னா தாமு, சிப்பு பிளேன்ல வருது. நீ கப்பல நிறுத்திக்கினு கீறே?" என்றார். கூட்டம் சிரித்து அடங்க வெகு நேரமாயிற்று. அடுத்த வாரமே மீனம்பாக்கம் போகும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

"நம்மூர்ல சிப்பே செய்யாதப்போ வரி யாரக் காப்பாத்தும்? காசு கொடுத்து வாங்கற நம்ம தலைலதான் வந்து விடியும்." இதுதான் அவர் கட்சி. எனக்குத் துணையாக ஒரு பழைய காயம் இருந்தது. பட்டறைக்கு முன்பு இருவரும் ஒரே டிவி தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அரசுச் சலுகை முடிந்த கையோடு முதலாளி ஆலையைப் பூட்டிவிட்டுப் போனார். பூட்டிய கேட்டுக்கு வெளியே சாப்பாட்டு டப்பாவோடு நாங்கள் நின்றோம். "அத மறந்துட்டீங்களாக்கா?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அவர் சால்டரிங் வேலைக்குத் திரும்பினார். அன்று நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். அற்ப சந்தோஷம்.

இந்த வருடம் அரசுக்கு ஒரு மனு அனுப்பச் சங்கம் முடிவு செய்தது. ஆளுக்கொன்று எழுதி வாருங்கள், உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். அடக்கம் முடிந்த மறுவாரம் அக்காவின் மேசையில் அவருடைய மனுவைப் பார்த்தேன். எதிர்பார்த்தபடி மானியம் கேட்டிருந்தார். கடைசியில் வேறொரு பேனாவால் ஒரு கோரிக்கை சேர்த்திருந்தார்: "மானியம் வாங்கியவர் ஆலையைப் பூட்டிவிட்டுப் போனால், வாங்கியதை முழுதாகத் திருப்பித் தர வேண்டும்." பக்கத்தில் சின்னதாக, "தாமு சொன்னது."

அக்காவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கூட்டத்தில் என் மனுவை எடுக்கவே இல்லை. அக்காவுடையதைப் படித்தேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் முன்வரிசையைப் பார்த்தேன்.

தட்டச்சுப் பிரதியைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கைப்பட எழுதிய தாள் என்னிடமே இருக்கிறது, கேட்டாலும் தரமாட்டேன். நீங்கதான் ஜெய்ச்சீங்க அக்கா. ஒரேயொரு வாட்டி வந்து, எல்லார் முன்னாடியும் சொல்லிக் காட்டிட்டுப் போங்களேன்.