உயிரோடு பிடித்த சிறகி

கார்த்திகை மழை தொடங்கினால் எனக்கு வீட்டில் கால் தங்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் கிண்ணியாவில் தங்கையின் வீட்டில் இருந்தபடி பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு குடாவை ஒட்டிய வயல்களுக்குப் போய்விடுவேன். மாரிக்கு வந்திறங்கும் சிறகிகளைப் பார்க்கத்தான். சிறகி என்பது காட்டுத் தாரா. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். "வாத்தியாருக்கு மழை கண்டா விசர் பிடிச்சிடும்" என்று மச்சான், அதாவது தங்கையின் கணவர், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எத்தனை பதுங்கிப் போனாலும் ஒரு சிறகியும் என்னை நெருங்க விட்டதில்லை. அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவித்தார்கள். விதைத்த வயல்களின் வரம்புகளில் எலிக்கு நஞ்சு நெல் வைத்திருக்கிறதாம், ஆடு கோழியை வெளியே விடவேண்டாமாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். தங்கை கோழிகளைக் கூடை கவிழ்த்து மூடினாள். எங்கள் பாடு முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

மறுநாள் காலை வரம்போரத்தில் ஒரு சிறகி குந்தியிருந்தது. கிட்டப் போனேன், பறக்கவில்லை. இன்னும் கிட்டப் போனேன். கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னோடு பழகிவிட்டது என்றே நினைத்தேன். மனம் குளிர்ந்துபோனது. தூக்கியபோது சிறகைக்கூட அடிக்கவில்லை.

வீட்டில் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுவதாகத்தான் இருந்தேன். மச்சான் காய்ச்சலில் கிடந்து எழும்பி, ஒரு கிழமையாக வெறும் கஞ்சியோடு இருந்தார். சிறகியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வெடிக்காரன் சுடுறது கைக்கு வாறதுக்குள்ள செத்துப்போகும். அறுக்காமச் செத்தத எங்களுக்குத் தின்ன ஏலாது. இது உயிரோட இருக்கு, அறுப்பம்," என்றார்.

"ஏதும் நோய் வந்த வருத்தக்காரக் குருவியோ?" என்றாள் தங்கை.

"ஒரு வருத்தமும் இல்ல. என்னோட பழகிட்டுது," என்றேன்.

நான் பிடித்துக்கொள்ள, அவர் பிஸ்மி சொல்லி அறுத்தார். உயிர் இருந்தது, முறைப்படி அறுத்தாயிற்று. அதற்கு மேல் எங்கள் புத்தி போகவில்லை. தங்கை குடலைச் சமைக்கிற குசினிக்குப் பின்னால் எறிந்துவிட்டு, ஈரலை மட்டும் முதலில் பொரித்துக் கணவருக்குக் கொடுத்தாள்.

நான் குசினி வாசலில் நின்று வீட்டு வளவுப் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காகங்களும் ஒரு கூட்டம் புலுனிக் குருவிகளும் குடலுக்குச் சண்டை பிடித்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு புலுனி பக்கவாட்டில் சரிந்து காலை உதறியது. வேலியில் ஏறப்போன காகம் கீழே விழுந்து, திரும்ப ஏறப் பார்த்து, திரும்பவும் விழுந்தது. அப்போதுதான் எனக்கு எலி நெல் ஞாபகம் வந்தது. நாங்கள் எங்கள் கோழிகளை மூடிவைத்தோம். சிறகியை மூடிவைக்க யார் இருந்தார்கள்?

உள்ளே ஓடினேன். மச்சான் விரலை நக்கிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கப் பண்ணினோம். அதற்குள் வியர்த்துக் கொட்டி, வாயால் நீர் வழியத் தொடங்கிவிட்டது. திருகோணமலை ஆஸ்பத்திரிக்குத் துறையைக் கடக்கவேண்டும். அப்போது பாலம் இல்லை. வண்டிகளை ஏற்றி இறக்கும் மிதவை அக்கரையில் நின்றது. மழையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அது வந்து சேர்ந்து, எங்களை ஏற்றி, நடுத்துறை தாண்டும்போது என் மடியில் அவர் தலை கனத்துப்போனது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் தங்கை என்னை உள்ளே கூப்பிட்டாள். கைக்குழந்தை அவள் மடியில் கிடந்தது. என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது.

"நானா, நீங்க எத்தனை வருஷமா இந்தக் குருவிகளப் பார்க்கப் போறீங்க?"

எப்போதும்போல அண்ணனை நானா என்றுதான் அழைத்தாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பன்னிரண்டு வருஷம். ஒரு சிறகியும் கிட்ட விட்டதில்ல," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் திரும்பிக்கொண்டாள்.