ஒற்றைக் கட்டில் அறை

சேரப்பணஞ்சேரி விடுதியில் இசக்கிசெல்வியும் சசிரேகாவும் ஒரு வருடமாக ஒரே கட்டிலில் தூங்கினார்கள். ஆனால் ஒருத்தி தூங்கி இன்னொருத்தி பார்த்ததில்லை.

காருக்கு ஒயரிங் கட்டும் ஒரே கம்பெனியில்தான் இருவருக்கும் வேலை. இவளுக்குப் பகல் ஷிப்ட் என்றால் அவளுக்கு இரவு. வாரம் மாறினால் இவளுக்கு இரவு, அவளுக்குப் பகல். கட்டில் சும்மா கிடக்கக் கூடாது என்று விடுதி நடத்தும் அம்மா அப்படி ஜோடி சேர்த்திருந்தாள். கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது ஒருத்தி இறங்குவாள், ஒருத்தி ஏறுவாள். பஸ் படியில் பீரோ சாவி கை மாறும். "சாப்ட்டியா?" "ம், நீ?" என்பதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

மீதியெல்லாம் வாய்ஸ் மெசேஜில்தான். வேலை நடக்கும் லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது. எனவே பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்பது, கேட்டுவிட்டுப் பதில் பேசுவது. சூப்பர்வைசர் திட்டியது, கேன்டீன் சாம்பாரில் கிடந்த பூச்சி, அம்மாவோடு போட்ட சண்டை என்று இசக்கி எல்லாவற்றையும் பேசினாள். ஆலங்குளம் பக்கத்து ஊரிலிருந்து வந்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. கணக்கு படித்துவிட்டு ஒயருக்கு டேப் சுற்றுகிறாயே என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. அவளேதான் தன்னைக் கேட்டுக்கொள்வாள். அந்தக் கேள்வியைக்கூட அவள் சொன்னது சசியிடம் மட்டும்தான். சசி செய்யாறு பக்கம். "இன்னாடி எப்பப் பாத்தாலும் உன்னையே கேள்வி கேட்டுகினு கீற, போலீஸா நீ?" என்று பதில் வரும். நெரிசலான பஸ்ஸில் இசக்கி தனியாகச் சிரிப்பாள்.

வேலை முடிந்து வந்து படுத்தால் மெத்தையில் சசியின் சூடு மிச்சம் இருக்கும். தலையணைக்கு அடியில் பாதி ஆரஞ்சோ ஒரு கடலை மிட்டாயோ இருக்கும். இந்தப் பக்கத்தில் தனக்கென்று ஒரு ஆள் இருப்பதற்கு இசக்கிக்கு அதுதான் அத்தாட்சி.

அந்த ஆளிடம் அவளுக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வருடம் இருக்கிறாயா என்று கம்பெனி கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்திலும் கணக்கு டீச்சருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சசி சம்மதித்தால் படப்பை பக்கம் ஒரு ரூம் எடுக்கலாம், இருவரையும் ஒரே ஷிப்டில் போடச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்கலாம், அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். இதை வாய்ஸில் கேட்க மனம் வரவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

ஒயரிங் வாங்கும் கார் கம்பெனி செவ்வாயும் புதனும் லைனை நிறுத்தியதால் வாய்ப்பு தானாக வந்தது. இரண்டு ஷிப்டுக்கும் லீவு. பாண்டிச்சேரி போகலாம் என்றாள் சசி. லைன் பெண்கள் போட்டோவில் காட்டும் பாண்டிச்சேரி: மஞ்சள் சுவர்கள், கடலைப் பார்த்த ஜன்னல், உயரமான கண்ணாடி கிளாஸில் காபி. சனி, ஞாயிறில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாத வாடகை. வார நடுவில் கொஞ்சம் இறங்கும். இசக்கி போனில் தேடி, கடலோரத் தெருவில் ஒற்றைக் கட்டில் அறை ஒன்றைப் பிடித்தாள். இரட்டைக் கட்டில் அறையில் பாதி வாடகை. "நமக்கு ஒரு கட்டில் போதும்ல?" என்று வாய்ஸ் அனுப்பினாள். "அதான, நமக்கு எதுக்கு ரெண்டு?" என்று சசி பதில் அனுப்பினாள்.

செவ்வாய் காலை இரவு ஷிப்ட் முடித்து இறங்கிய சசியை அப்படியே கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ். சீட்டு கிடைத்ததும் சசி இசக்கியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இசக்கி பஸ்ஸுக்கென்றே சேர்த்துவைத்திருந்த பேச்சு அப்படியே இருந்தது. பாவம், ராத்திரி முழுக்க நின்றவள். இசக்கி தோளை அசைக்காமல் உட்கார்ந்து வந்தாள்.

அறைக் கதவைத் திறந்ததும்தான் இருவருக்கும் உறைத்தது. ஆள் புரண்டால் விழுகிற அகலத்தில் ஒரே ஒரு கட்டில். இன்றைக்கு ஷிப்ட் இல்லை. இரவு இருவருமே இங்கேதான் இருப்பார்கள். சசி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாவியோடு கூட வந்த வரவேற்பாளர் அந்தோணிராஜ் சிரிக்கவில்லை. "புக்கிங் ஒருத்தர் பேர்லதான் இருக்குது. ரெண்டு பேர்னா எக்ஸ்ட்ரா ஆகும்மா."

"ரெண்டு பேரும் ஒண்ணா தூங்க மாட்டோம்ணா" என்றாள் சசி. "பகல்ல நானு, ராத்திரில இவ. எந்த நேரம் பாத்தாலும் ஒரு ஆளுதான்."

"நர்ஸுங்களா?"

"ஆமாண்ணா" என்றாள் சசி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இருங்க. ஆனா காலைல டிபன் ஒருத்தருக்குத்தான்."

அவர் போனதும் சசி பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள். மதியம் முழுக்க எழவில்லை. இசக்கி மட்டும் வெயிலில் கடற்கரைச் சாலையில் நடந்தாள். ஒரு காபிக் கடையின் வாசல் பலகையில் விலையைப் படித்துவிட்டு, யாருக்கோ காத்திருப்பவள்போல வாட்சைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். கருங்கற்களில் உட்கார்ந்து, விடுதியிலிருந்து கட்டிவந்த எலுமிச்சைச் சோற்றில் பாதியைத் தின்றாள். பாதியை மூடிவைத்தாள். பக்கத்தில் ஒரு ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. தங்களை எடுத்துத் தருவீர்களா என்று போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தாள். உங்களை எடுக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டபோது, "இல்லக்கா, ஃப்ரெண்ட் வருவா" என்றாள்.

ஃப்ரெண்ட் பொழுது சாயும்போது வந்தாள், தலை வாரி, பொட்டு வைத்து, முழு விழிப்போடு. இரவு ஷிப்டுக்காரிக்கு அதுதான் காலை. வந்ததும் லைன் பெண்களுக்கு வீடியோ கால் போட்டுக் கடலைக் காட்டினாள். ஒருத்தி வைத்தால் இன்னொருத்தி. "கூட யாருடி?" என்று போனுக்குள் ஒரு குரல் கேட்டது. "என் கட்டிலுடி" என்று சசி போனை இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் நாலு பேர் சிரித்தார்கள். இசக்கியும் கையசைத்துச் சிரித்துவைத்தாள். சசிக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வாய்ஸ் மெசேஜில் சசி ஒருத்திதான் இருப்பாள்.

விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு அறைக்குத் திரும்பியதுமே இசக்கியைக் கீழே இழுத்தது. "சசி, ஒண்ணு கேக்கணும்." "இரு, இவகிட்ட பேசிட்டு வந்துடறேன்" என்று சசி போனோடு வெளியே போனாள். உட்கார்ந்தே காத்திருப்பது என்று இசக்கி நினைத்திருந்தாள். எப்போது சாய்ந்தாள் என்று தெரியவில்லை.

விழித்தபோது வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலோர நாற்காலியில் சசி காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எழுப்பிருக்கலாம்ல?"

"நீ தூங்கி நா பாத்ததே இல்ல. வாயத் தொறந்துகினு தூங்கற."

இதுதான் நேரம் என்று இசக்கி கேட்டுவிட்டாள். ரூம், ஒரே ஷிப்ட், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தாள்.

சசி நாற்காலியிலிருந்து காலைக் கீழே இறக்கினாள். "கோச்சிக்காத இசக்கி. நேத்து பஸ்ல திண்டிவனத்துலயே எனக்கு முழிப்பு வந்துடுச்சி. உன்கிட்ட இன்னா பேசறதுன்னு தெரியல. கண்ண மூடிகினே வந்தேன்."

இசக்கி போர்வையை மடிக்க ஆரம்பித்தாள்.

"போன்ல அவ்ளோ பேசறேன். நேர்ல பாத்தா யாரோ மாதிரி கீது. ஒரு ரூம்ல மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு இன்னா பண்ணுவோம் சொல்லு? அப்பறம் அந்த பேச்சும் போயிடும்."

கோபம் வரும் என்று இசக்கி எதிர்பார்த்தாள். வந்தது வேறொன்று. தோளில் சசி சாய்ந்ததும், அப்பாடா, இப்போதைக்குப் பேச வேண்டாம் என்று தனக்கும் தோன்றியதே. அதற்குப் பரிதாபம் என்று பெயர் வைத்துக்கொண்டவள் தான்தானே. மெத்தையில் மிச்சமிருந்த சூட்டை வைத்து ஒரு முழு ஆளையே செய்துகொண்டோமா? அந்த ஆளுக்காகத்தான் இந்த ஒரு வருடமா?

"தூங்குதியா?" என்று கேட்டு எழுந்தாள். சசி அவள் படுத்திருந்த அதே பள்ளத்தில் சுருண்டாள். இந்தமுறை நிஜமாகவே தூங்கிப்போனாள்.

கீழே ஒருத்தருக்கான டிபன் வந்தது. நாலு இட்லி, ஒரு வடை. இரண்டு இட்லியை வாழையிலைத் துண்டில் மடித்து மேலே கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைக்கப் போனவள், இங்கே வேண்டாம் என்று மேசையில் வைத்துவிட்டுக் கற்களுக்குப் போனாள். போனை வாயருகே பிடித்து மைக்கை அழுத்தினாள்.

"சசி, இங்க ஒரு பெரியவர் தண்ணிய தொடாம கரையிலேயே நின்னு சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்காரு. அலை வந்தா பின்னால ஓடுதாரு, திரும்ப வந்து கும்பிடுதாரு." அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. காபிக் கடை வாசலில் வாட்ச் பார்த்தது, போட்டோ கேட்ட பெண்ணிடம் சொன்னது, 'என் கட்டில்' என்றபோது வலித்தது. கடைசியில், "வெள்ளிக்கிழமை வேண்டாம்னு சொல்லிருதேன். ஊருக்குப் போயி பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கேன். நம்ம கட்டிலுக்குப் புதுசா வாரவ ஃபேன அஞ்சுல வைப்பாளோ என்னவோ, நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள். சொல்லி முடித்தபிறகுதான், தான் முடிவெடுத்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

மாலை பஸ்ஸில் இருவருக்கும் சீட்டு கிடைத்தது. சசி இயர்போனைக் காதில் செருகிக்கொண்டாள். எதைக் கேட்கிறாள் என்று இசக்கிக்குத் தெரியும். அவள் ஜன்னலுக்கு வெளியே வயல்களைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. பெரியவரைப் பற்றிச் சொன்ன இடம். பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. சசி துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைப்பது கண்ணாடியில் தெரிந்தது. கொஞ்சம் கழித்து அவள் நடைபாதைப் பக்கம் திரும்பி, கையால் வாயை மறைத்து, போனில் ஏதோ தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தாள். திண்டிவனம் தாண்டியும் பேசினாள்.

இசக்கியின் மடியில் போன் அதிர்ந்தது. சசி கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்திருந்தாள்.

இசக்கி அதைத் திறக்கவில்லை. நாளைக் காலை கம்பெனி பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கேட்கலாம் என்று போனைப் பையில் போட்டு ஜிப்பை மூடினாள்.