செங்கல் சங்கத்துக்கு வாய்த்த நிபுணர்

என் கணவர் லோதார் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பிக்கிறார். பெரிய பேராசிரியரெல்லாம் இல்லை; அவர் பெயர் பத்திரிகையில் வந்ததே கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரே பல்லவிதான். விதியை அரசு போடட்டும், விலையைச் சந்தை சொல்லட்டும், இரண்டையும் வளைக்கப் பார்க்கும் கூட்டத்துக்குப் படித்தவன் துணை போகக் கூடாது. முடி வெட்டப் போன இடத்திலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வருவார். முடிதிருத்துபவர் பாவம், கத்தரியைப் பிடித்தபடி தலையாட்டுவார்.

அப்படிப்பட்டவரைத் தேடித்தான் ரைன் கரைச் செங்கல் சங்கம் வந்தது. போருக்கு முன்பிருந்தே அந்தச் சூளைக்காரர்கள், எல்லோருக்கும் ஒரே விலை, ஆளுக்கு இவ்வளவு கல் என்று பேசி வைத்து விற்றுவந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் வந்த புதுச் சட்டம் அதைத் தடுத்தது. "இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் சூளைகள் அழிந்துவிடும்" என்று ஒரு பொருளாதார நிபுணர் எழுதித் தந்தால் அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்கலாம் என்றார் சங்கத்து வக்கீல். லோதார் பெயரைச் சொன்னவன் என் அண்ணன் எகோன். அவனும் சூளைக்காரன். போரில் எல்லாரையும் பறிகொடுத்த எனக்கு, பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது அவன் ஒருவன்தான்.

"வீட்டு மாப்பிள்ளைதானே, மாட்டேன்னா சொல்லிடப் போறாரு?" என்று சங்கத் தலைவர் சிரித்தாராம்.

லோதார் ஒவ்வொரு சூளையாக ஏறி இறங்கினார். திரும்பி வந்தவர், சங்கம் கேட்டபடி எழுத முடியாது என்றார்.

"கொஞ்சம் முன்னே பின்னே எழுதினா என்ன குடியா முழுகிடும்?" என்று கேட்டேன்.

"சூளை ஒண்ணும் அழியாது இர்மா. வீடில்லாம இன்னும் எத்தனை பேர் கொட்டகையில கெடக்கறாங்க! இவங்க விலை இறங்கிடக் கூடாதுன்னு பாதி நெருப்பை அணைச்சு வச்சிருக்காங்க."

"எங்கண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

"மச்சான் கேட்டா கல்லு சுமக்கறேன். பொய் எழுத மாட்டேன்."

ஏற்பாடு கலைந்தாலும் சூளைகள் அழியாது என்று எழுதியதைச் சங்கக் கூட்டத்தில் அவரே படித்தார். நானும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முடிப்பதற்குள் எகோன் எழுந்து மேசையில் ஓங்கிக் குத்தினான். "இனிமே என் வாசப்படியை மிதிச்சிராதே!" என்று கத்தினான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விலக்குக் கேட்கும் யோசனை அன்றோடு நின்றது. பழைய ஏற்பாடும் கலைந்தது. அந்த இலையுதிர்காலம் முழுக்க அண்ணனுக்குக் கடிதம் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எகோன்! கையில் ஆப்பிள் கேக், முகமெல்லாம் பல்.

"காப்பி போடு இர்மா! மாப்ளே, அணைச்சு வச்சிருந்ததும் சேத்து என்னோட ரெண்டு சூளையும் எரியுது. வாசல்ல லாரி வரிசை கட்டி நிக்குது!"

லோதார் விழித்தார். "நீங்கதானே மச்சான் அன்னிக்கு மேசையை உடைக்கப் பாத்தீங்க?"

"பின்னே, அவங்க எதிர்ல உன்னைக் கட்டிப்பிடிச்சு முத்தமா குடுக்க முடியும்? நான் தனியா சங்கத்தை விட்டு வெளியே வந்திருந்தா, எல்லாரும் சேந்து அடிமாட்டு விலைக்கு வித்தே என்னை ஒழிச்சிருப்பாங்க. அந்த ஏற்பாடே கலையணும்னுதான் உன் பேரைச் சொன்னேன். வேற எவனா இருந்தாலும் கேட்டதை எழுதிக் குடுத்திருப்பான்."

லோதார் முகம் சுருங்கியது. "அப்போ நானும் ஒரு தரப்புக்காகத்தான் எழுதியிருக்கேனா?"

"எழுதும்போது என் மனசுல இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்னடா? கேக்கைத் தின்னு!"

நான் சமையலறைக்குப் போய், அடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஆசை தீர அழுதேன். என் அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான். வறட்டுப் பிடிவாதம் என்று நான் நாள்தோறும் கரித்துக்கொட்டிய என் கணவரின் குணத்தை நம்பித்தான் அவன் தன் சூளையையே பணயம் வைத்திருக்கிறான்.