செய்ரான் கொடுத்த கடிதம்

அன்று பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியபோது, எங்கள் கட்டடத்தின் கீழே அப்பா நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை அப்படியே தொங்கியது. மூன்று மணிக்கு வீட்டுப் பக்கம், முவைலாவில் நிற்கிறவர் இல்லை அவர். என் பையை வாங்கிக்கொண்டு, "மது, சங்கரன் அங்கிள் காலைல போயிட்டாருமா. தூக்கத்திலேயே" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. "இன்னும் சொல்லவே இல்லையே" என்றேன்.

"என்ன சொல்லலை?"

அப்பாவுக்கு அன்று பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வாசகர் வட்டத்தில் உள்ள உங்கள் எல்லோருக்கும் அது தெரிய வேண்டும். ஏனென்றால் அந்தக் கடிதத்தை நான் வாசித்த அன்று நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள்.

உங்களில் பலர் அவரை என்னைவிட அதிக வருடங்களாக அறிந்தவர்கள். வளைகுடாவுக்கு வந்த புதிதில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் அவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர்களும் இருக்கிறீர்கள். நான் அவரை முதலில் பார்த்தது எட்டாம் வகுப்பில். கூட்டத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் கடைசி நாற்காலியில் வரலாற்றுப் பாடப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். "இதுல ராஜா பேரெல்லாம் இருக்கு. யாரை எந்த ரயில்ல ஏத்தி எங்க கொண்டுபோய் இறக்கினாங்கன்னு இருக்கா?" என்று கேட்டார். தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றேன். "அப்ப அது பாதிப் புஸ்தகம்" என்றார். அன்றிலிருந்து என்னை 'புரொபசர்' என்றுதான் கூப்பிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் தாஷ்கண்டில் பொறியியல் படித்தார். கும்பகோணத்திலிருந்து போன பையனுக்கு அங்கே பெரிய கஷ்டம் குளிர் இல்லையாம், காப்பி கிடைக்காததுதானாம். ஊர் முழுக்கப் பச்சைத் தேநீர். விடுதியில் அவரோடு தங்கியிருந்தவர் செய்ரான் என்ற கிரிமியத் தாத்தார் இளைஞர். (உண்மைப் பெயர் வேறு. ஏன் மாற்றினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்ரான் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். வாசலிலேயே காப்பி வாசனை வந்ததாம். அந்த மக்கள் எங்கே போனாலும் காப்பியை விடாதவர்கள். செய்ரானின் அம்மா பித்தளை அரைப்பானில் கையால் அரைத்து, சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். "புரொபசர், பால் இல்ல, டிகாஷன் மாதிரி கசப்பு. ஆனா நான் அழுதுட்டேன்" என்பார் அங்கிள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அந்த அம்மா கிரிமியாவில் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, உலகப் போர் நடந்த 1944 மே மாதத்தில் ஒரு விடியற்காலை, சொந்த அரசின் சிப்பாய்களே வந்து கதவை இடித்தார்கள். சாமான் எடுக்கக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். உங்கள் இனமே துரோகி இனம், எதிரிக்கு உதவியவர்கள் என்று சொல்லி, கிழவர், குழந்தை என்று பார்க்காமல் மொத்த மக்களையும் மாட்டு ரயிலில் ஏற்றி ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தாஷ்கண்ட் பக்கம் இறக்கிவிட்டார்கள். வழியிலேயே பலர் செத்துப்போனார்கள். போர் முடிந்து அத்தனை வருடம் ஆன பிறகும் அவர்களால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அவர்களுடைய ஆவணங்களில் வெறும் 'தாத்தார்' என்றுதான் எழுதினார்கள். கிரிமியா என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். அங்கிள் வந்த முதல் வாரத்தில் விடுதிக் காப்பாளர், செய்ரான் நிற்கும்போதே, "பெட்டியைப் பூட்டி வை, யாரோடு தங்குகிறாய் என்று தெரியுமில்லையா?" என்றாராம். செய்ரான் சிரித்துவிட்டுத் தன் பெட்டியை அகலத் திறந்து வைத்தாராம். "ஒரு தேசத்தைத் தெரிஞ்சுக்கணும்னா, அங்க யாரு யாரை எப்படிக் கூப்பிடறாங்கன்னு கேளு" என்பார் அங்கிள்.

செய்ரான் பிறகு என்ன ஆனார் என்று கேட்டால் மட்டும் பதில் சுருங்கிவிடும். "மூணாவது வருஷம் படிப்ப விட்டுட்டான். தொடர்பு போயிடுச்சு."

இந்த வருடம் பள்ளியில் வரலாற்றுச் செயல்திட்டத்துக்கு நான் இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டேன். அங்கிளுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் செய்ரானைத் தேடினேன். அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு ரஷ்ய மொழியில் ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். ஐந்து வாரம் கழித்து அவரே பதில் எழுதினார். எண்பதுகளின் கடைசியில் திரும்பிப் போக வழி கிடைத்ததும் குடும்பத்தோடு கிரிமியாவுக்குப் போய், காலி நிலத்தில் தன் கையாலேயே வீடு கட்டியிருக்கிறார். இப்போது அங்கே மறுபடியும் பயமாக இருக்கிறது, என் பெயரை எங்கும் எழுதாதே என்று கேட்டுக்கொண்டார். பிறகு இப்படி எழுதியிருந்தார்:

"சங்கர் உயிரோடு இருக்கிறானா? விடுமுறைக்குப் போகும்போது எங்கள் மனுவை அவனிடம் கொடுத்தேன். ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்டு எங்கள் தெருவே கையெழுத்துப் போட்ட மனு. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பச் சொன்னேன். சில நாட்களில் எங்களைப் பிடித்தார்கள். என்னைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். என் அம்மாவுக்குப் பள்ளிச் சமையலறை வேலை போயிற்று. விமான நிலையத்தில் அவனும் மாட்டிக்கொண்டான், எங்களால்தான் அவன் வாழ்க்கை கெட்டது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை மன்னிக்கும்படி அவனிடம் சொல்."

நான் அதைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ரோலாவில் நடந்த நம் வட்டக் கூட்டத்துக்கு வந்தேன். அங்கிளிடம் முன்கூட்டிக் காட்டவில்லை. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வாசித்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் எழுந்து நின்று கை தட்டினீர்கள். வட்டத்தை நடத்தும் மீனா ஆன்ட்டி சிறப்பு விருந்தினருக்காக வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அங்கிளுக்குப் போர்த்தினார்.

சஜாவில் உள்ள தொழிலாளர் கேம்ப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் முருகேசன் அண்ணன் அன்று பேசியது எனக்கு மறக்காது. "சார், எங்க சைட்ல ஒருத்தன் சாப்பாடு சரியில்லைன்னு பேப்பர்ல கையெழுத்து வாங்கினான். எல்லாம் போட்டோம். அந்தப் பேப்பரை ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுக்க எவனுக்கும் தைரியம் வரலை. கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னு ஊருக்கு டிக்கெட்ட கையில கொடுத்துடுவான்னு பயம். நீங்க அடுத்தவன் ஊருக்காக, இருவது வயசுல, பெட்டிக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போயிருக்கீங்களே சார்!"

அங்கிள் கைகூப்பினார். ஒரு சொல்கூடப் பேசவில்லை. அடக்கம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

நான்கு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தார். நான் செய்ரானுக்கு எழுத வேண்டிய பதிலைப் பற்றிக் கேட்டேன்.

"புரொபசர், அந்த மனு இந்தியாவுக்கு வரலை."

"ஏர்போர்ட்ல பிடிச்சுட்டாங்களா அங்கிள்?"

"ஏர்போர்ட் வரைக்கும்கூடப் போகலை. கொடுத்த மறுநாள் காலேஜ் ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

"மிரட்டினாங்களா?"

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"யாரும் கேக்கலைம்மா. யாருக்கும் தெரியாது. நானாத்தான் போய்க் கொடுத்தேன். ராத்திரி பூரா அந்தக் காகிதம் என் பெட்டிக்குள்ள இருந்தது. படிப்பு போயிடுமோன்னு பயம். ரூம் மாத்திக் கொடுத்தாங்க. அப்புறம் அந்தத் தெருப் பக்கம்கூட நான் போகலை."

"அப்ப வெள்ளிக்கிழமை ஏன் சும்மா இருந்தீங்க?"

"எல்லாரும் தட்டிட்டீங்களே."

அம்மா காப்பியோடு வந்தார். அங்கிள் அதை வாங்கிக் குடித்தார். சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் சொன்ன மற்ற எதுவும் பொய்யில்லை. ரயில், கால் மணி நேரம், விடுதிக் காப்பாளர் எல்லாமே உண்மை. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தும் பார்த்தேன். அந்த மக்களைத் துரோகிகள் என்று சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவைத்தவரே அவர்தான். அந்தக் கோபத்தில் நானும் அவரும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்று நம்பியிருந்தேன். அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பையன் தன் தெருவின் மொத்தக் கையெழுத்துகளையும் நம்பிக் கொடுத்தது அவரிடம். அவர் அதை யாரிடம் கொடுத்தாரோ அவர்களிடம்தான் அந்தப் பெயர்கள் போயிருக்கக் கூடாது.

மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த கூட்டத்தில் எல்லோரிடமும் தானே சொல்வதாகவும், அன்றே செய்ரானுக்கு எழுதுவதாகவும் வாக்குக் கொடுத்தார். நான் நம்பினேன். அந்தக் கூட்டத்தில் அவர் எழுந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, பனியில் செருப்புப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போன முதல் நாளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். உட்கார்ந்துவிட்டார்.

கீழே இறங்கும்போது மின்தூக்கியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"அடுத்த மாசம், புரொபசர். கண்டிப்பா."

"என்னை அப்படிக் கூப்பிடாதீங்க அங்கிள்."

நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பதினாறு நாள் கழித்து அவர் இறந்துபோனார்.

உடல் ஊருக்குப் போன பிறகு மீனா ஆன்ட்டி அழைத்தார். "மது கண்ணா, நீதான் அவருக்குச் செல்லம். நம்ம வட்ட இதழுக்கு அஞ்சலி நீதான் எழுதணும். அந்த லெட்டர் விஷயத்த நல்லா விரிவா எழுதிடு, படிக்கிறவங்க அழுதுடணும்." சரி என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் ஒரு வரியும் எழுதாமல் இருந்தேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "செத்தவர் திரும்பி வந்து பதில் சொல்ல முடியாதும்மா. விட்டுடேன்" என்றார். செய்ரானின் அம்மாவும் திரும்பி வர முடியாது என்றேன்.

எழுதி முடித்ததும் கும்பகோணத்தில் இருக்கும் அவர் மனைவி லட்சுமி ஆன்ட்டியை அழைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். "முப்பத்தஞ்சு வருஷமா என்கிட்டயும் அந்தப் பையன் படிப்ப விட்டுட்டான்னுதான் சொன்னார்" என்றார். பிறகு, "போடு. ஒண்ணும் மாத்தாத" என்றார்.

நேற்று செய்ரானுக்கு எழுதினேன். சங்கர் மாட்டிக்கொள்ளவில்லை, உங்களால் அவர் வாழ்க்கை கெடவில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் இல்லை என்று எழுதினேன். மனு யார் கையால் எங்கே போனது என்பதையும் எழுதினேன். அவர் படித்துவிட்டார் என்று திரை காட்டுகிறது. பதில் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

அஞ்சலியின் முடிவில், போனவரிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும். அவர் கதைகளை இனி என்னால் அவர் குரலில் கேட்க முடியாது. ஆனால் அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில், மிரட்டினார்களா என்று நான் கேட்டபோது, ஆமாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். அழுதிருப்பேன். இந்தப் பக்கங்களில் அவருக்காக வாதாடியும் இருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "யாரும் கேக்கலைம்மா. நானாத்தான் போய்க் கொடுத்தேன்." நாற்பது வருடத்தில் ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னார். அது போதாது. அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.